வாலிபர் ஊழியம்: வேதத்திலிருந்து தொடங்குவது எப்படி?

சென்னையில் ஒரு சபையின் வாலிபர் ஊழியத்தைப் பற்றி விசாரித்தால், பதில் பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் பட்டியலாக வரும். ஞாயிறு மாலைக் கூடுகை, டிரம்ஸும் கீபோர்டும் வைத்த பாடல் குழு, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் உதவி, ஆண்டுக்கு ஒரு முகாம், டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ். எல்லாம் நல்லவைதான். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புவரை முன்வரிசையில் நின்று பாடிய பிள்ளை, கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஆராதனைக்கே வராமல் போவதை ஏறக்குறைய எல்லாச் சபைகளும் பார்த்திருக்கின்றன. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் திடப்படுத்தல், அதாவது தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு, முடிந்து முதல் நற்கருணை வாங்கியதோடு சிலர் நின்றுவிடுகிறார்கள். பிற சபைகளில் ஞானஸ்நானம் எடுத்த மறு ஆண்டே காணாமல் போகிறவர்கள் உண்டு.

பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்றோ, செல்போன்தான் காரணம் என்றோ சொல்லிவிடுவது சுலபம். நிகழ்ச்சியையே ஊழியம் என்று எண்ணிக்கொண்டோமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வாலிபர்களிடையே வேலை செய்யப் புதிதாக முன்வருகிறவர்கள், இதுவரை இதைப் பற்றிப் படித்திராதவர்கள், அடிப்படையைப் புரிந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பந்தியும் அடுப்படியும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து வயிறார உண்டவர் சமைக்கக் கற்றுக்கொள்வதில்லை. எத்தனை கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான். சமைக்கத் தெரிந்த பிள்ளை அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்ற பிள்ளை. அங்கே மூன்று காரியங்கள் நடக்கின்றன. நல்ல அரிசியும் காய்கறியும் இருக்கின்றன. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். ஒரு கட்டத்தில் கரண்டி பிள்ளையின் கைக்கு வருகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை சமைக்கப் பழகாது.

முகாமும் எழுப்புதல் கூட்டமும் பந்தி மாதிரி. பந்தி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விசுவாசம் உருவாவது அடுப்படியில்தான். வசனம், கூடவே இருக்கும் ஆள், கைக்கு வரும் பொறுப்பு என்ற இந்த மூன்றும் சேர்ந்து, தொடர்ந்து, பல ஆண்டுகள் நடப்பதே வேதம் காட்டும் வழி.

வேதத்தில் இது எங்கே இருக்கிறது?

'வாலிபர் ஊழியம்' என்று ஒரு தனிப் பிரிவு வேதாகமத்தில் இல்லை. விசுவாசத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் கட்டளையோ பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. உபாகமம் 6-ஆம் அதிகாரம் அதை முதலில் பெற்றோரிடம் ஒப்படைக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளிடம் கர்த்தருடைய வார்த்தைகளைப் பேச வேண்டும். 78-ஆம் சங்கீதம், கர்த்தர் செய்ததைப் பின்சந்ததிக்கு மறைக்க மாட்டோம் என்று முழுச் சமுதாயமுமாகச் சொல்கிறது. தீத்து 2-ஆம் அதிகாரத்தில் முதிர்வயதுள்ள ஸ்திரீகள் இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பாலிய புருஷருக்குத் தீத்துவே தன்னை மாதிரியாகக் காட்ட வேண்டும். இந்த வேலை செய்யப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதை நியாயாதிபதிகள் 2:10 ஒரே வசனத்தில் காட்டுகிறது: யோசுவாவின் காலத்து ஜனங்கள் மரித்தபின், கர்த்தரையும் அவர் செய்த கிரியையையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று.

இன்று நாம் காணும் அமைப்புகள் மிகவும் பிந்தியவை. ராபர்ட் ரெய்க்ஸ் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளி தொடங்கியது 1780-இல். லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. 1844-இல் பிறந்தது, சென்னைக்கு 1890-இல் வந்தது. பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வாலிபருக்கான கிறிஸ்தவ முயற்சி சங்கத்தை ஆரம்பித்தது 1881-இல். இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் இவை கருவிகள். கூடுகையின் நேரத்தையோ வடிவத்தையோ மாற்றலாமா என்று யாராவது கேட்டால், வேதத்தையே மாற்றச் சொன்னதுபோல் பதறத் தேவையில்லை.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிடுவோம். சீஷத்துவம் என்பது இயேசுவை நம்பி, அவர் கற்பித்தபடி வாழப் பழகுவது. 'பழகுவது' என்பதைக் கவனியுங்கள். மத்தேயு 28:19, 20 சொல்வதும் இதைத்தான்: சீஷராக்குங்கள், கைக்கொள்ளும்படி உபதேசம்பண்ணுங்கள். வாலிபர் ஊழியம் என்பது அந்தக் கட்டளையை ஒரு குறிப்பிட்ட வயதினரிடத்தில் நிறைவேற்றுவதே.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: வாலிபருக்கு விசுவாசத்தைக் கொடுக்கும் வேலை குடும்பத்துக்கும் முழுச் சபைக்கும் உரியது. கூடுகையும் முகாமும் அதற்கு உதவும் கருவிகள். வசனம், ஆள், பொறுப்பு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

வசனம்: ஒரு பகுதியை எப்படித் திறப்பது

பெரும்பாலான வாலிபர் கூடுகைகளில் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற வசனங்களை அங்கும் இங்கும் பிடுங்கிப் பேசுவார்கள். ஆண்டில் சில முறை அப்படிச் செய்யலாம். அதுவே வழக்கமானால், பத்து ஆண்டு கூடுகைக்கு வந்தவரும் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்திருக்க மாட்டார்.

பின்னணி தெரியாத வசனம் எப்படித் திசைமாறும் என்பதற்குப் பரீட்சை காலம் நல்ல உதாரணம். ஹால் டிக்கெட்டோடு சேர்த்து பிலிப்பியர் 4:13 எல்லா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வந்துவிடும்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பவுல் அதை எழுதியபோது கட்டுண்டிருந்தார். அதற்கு முந்தைய இரண்டு வசனங்களை வாசித்தால், பட்டினியிலும் பரிபூரணத்திலும் மனரம்மியமாய் இருக்கக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறார் என்பது விளங்கும். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு இந்த வசனம் மிகத் தேவை, வெற்றி பெற்ற பிள்ளையைவிட அதிகமாகவே. 'எல்லாவற்றையும் செய்யலாம் என்று தேவன் சொன்னார், ஆனால் செய்யவில்லையே' என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டாமல் இருக்க, முன்கூட்டியே முழுப் பகுதியையும் வாசித்திருக்க வேண்டும்.

எனவே ஒரு புத்தகத்தை எடுத்துத் தொடர்ந்து வாசியுங்கள். தொடங்குவதற்கு மாற்கு சுவிசேஷம் பொருத்தம். பதினாறே அதிகாரங்கள், கதை வேகமாக நகரும். ஒரு முறைக்கு ஒரு சம்பவம், ஐந்து முதல் பதினைந்து வசனங்கள் போதும். குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர். அதற்குமேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாற்பது நிமிடம் வைத்துக்கொண்டால், சத்தமாக இரண்டு முறை வாசிக்க ஐந்து நிமிடம், மூன்று கேள்விகளுக்கு முப்பது நிமிடம், ஜெபத்துக்கு ஐந்து நிமிடம். மூன்று கேள்விகள் இவை: இங்கே என்ன இருக்கிறது? அதை முதலில் கேட்டவர்களுக்கு அது என்ன சொன்னது? இன்று நாம் எதை நம்ப, எதை மாற்ற வேண்டும்? இந்த வரிசையை மாற்றக் கூடாது. மூன்றாவது கேள்விக்கு முதலிலேயே ஓடினால், வசனம் சொல்லாததை அதன் வாயில் போட்டுவிடுவோம்.

மாற்கு 10:17 முதல் 22 வரை இதைச் செய்து பாருங்கள். ஆஸ்தியுள்ள ஒருவன் ஓடிவந்து, முழங்கால்படியிட்டு, நித்தியஜீவனுக்கு வழி கேட்கிறான். கற்பனைகளைச் சிறுவயது முதல் கைக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான். மத்தேயு அவனை வாலிபன் என்றே எழுதுகிறார். ஞாயிறு பள்ளியில் வேத வினா-விடைப் போட்டிப் பரிசுகளோடு வளர்ந்த பிள்ளைகள் இவனைத் தங்களில் ஒருவனாக உடனே அடையாளம் காண்பார்கள். இயேசு அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு குறிப்பிடுகிறார். அந்த அன்போடேதான் கடினமான வார்த்தையையும் சொல்கிறார். அவன் துக்கத்தோடே போனபோது நிபந்தனையைத் தளர்த்தி அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. வருகிறவர்கள் எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்று பயந்து செய்தியை மெலிதாக்கும் ஊழியருக்கு இந்த ஆறு வசனங்கள் நல்ல மருந்து.

சென்னைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆங்கில வழியில் படித்த பலருக்குத் தமிழ் பேச வரும், பழைய திருப்புதலை (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை) எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. சத்தமாக வாசிக்கச் சொல்லி, தடுமாறும்போது யாராவது சிரித்தால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. நன்றாக வாசிக்கிற ஒருவர் தமிழில் வாசிக்கட்டும். மற்றவர்கள் தங்களுக்குப் புரியும் மொழியிலும் மொழிபெயர்ப்பிலும் பின்தொடரட்டும். கலந்துரையாடல் வீட்டில் பேசும் தமிழில் நடக்கட்டும். நெகேமியா 8:8-இல் லேவியர் வாசித்ததோடு நிற்காமல், அர்த்தஞ்சொல்லி விளங்கப்பண்ணினார்கள்.

பொதுவாக நடக்கும் இன்னொரு தவறு, நடத்துகிறவரே பேசிக்கொண்டிருப்பது. ஒரு கேள்வி கேட்டபின் பத்து விநாடி அமைதியாக இருந்தால் நடத்துகிறவருக்கு அது பத்து நிமிடம்போலத் தோன்றும். பொறுத்திருங்கள். யோசிக்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.

ஆள்: கூடவே இருப்பது

இயேசு பன்னிருவரை ஏற்படுத்தியதற்கு மாற்கு 3:14 சொல்லும் முதல் காரணம், அவர்கள் தம்மோடுகூட இருக்க வேண்டும் என்பது. பிரசங்கிக்க அனுப்புவது அதற்குப் பிறகே வருகிறது. தெசலோனிக்கேயருக்குச் சுவிசேஷத்தோடு தன் ஜீவனையும் கொடுக்க விரும்பியதாகப் பவுல் எழுதுகிறார்.

நடைமுறையில் இதற்கு நட்சத்திரப் பேச்சாளர் தேவையில்லை. ஒரு பெரியவருக்கு மூன்று அல்லது நான்கு வாலிபர் என்ற கணக்கு போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சந்திப்பு: ஆராதனை முடிந்து சபை வளாகத்தில், ஒரு டீக்கடையில், மாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில். படிப்பு, வேலை, வீடு, பாவம், சந்தேகம் எல்லாம் பேச்சில் வரலாம். சில சபைகள் வாலிபர் தலைவராக இருபத்திரண்டு வயதுக்காரரை வைத்துவிட்டு, மூப்பர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இது சரியல்ல. நாற்பது, ஐம்பது வயதில் கடன், நோய், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றுக்கும் நடுவே தேவனைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒருவரை அருகிலிருந்து பார்ப்பதற்கு ஈடான பாடம் இல்லை. தீமோத்தேயுவுக்குப் பவுல் இருந்தார். சாமுவேலுக்கு, குறைகளோடிருந்த ஏலிகூட, கர்த்தரின் சத்தத்துக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொடுத்தார்.

பாதுகாப்பைப் பற்றித் தெளிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே நல்லெண்ணம் மட்டும் போதாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட எவருடனும் பெரியவர் ஒருவர் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில்தான் சந்திப்பு. பெண் பிள்ளைகளுடன் பெண்கள், ஆண் பிள்ளைகளுடன் ஆண்கள். முகாமுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. இரவு நேரத் தனி மெசேஜ்கள் வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் உதவி கேட்பேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு சிறுவர்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தற்கொலை எண்ணம் உள்ளவரைத் தனியே விடாதீர்கள். அவருக்காக ஜெபியுங்கள், அதோடு அன்றைக்கே குடும்பத்தாருக்குச் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

பொறுப்பு: கரண்டி கைமாறுவது

வாலிபருக்கு நாம் கொடுக்கும் வேலை பெரும்பாலும் நாற்காலி அடுக்குவது, சவுண்ட் சிஸ்டம், பாடல் வரிகளைத் திரையில் ஓட்டுவது. இவையும் ஊழியம்தான். ஆனால் 1 தீமோத்தேயு 4:12 இளைஞன் ஒருவனை வார்த்தை, நடக்கை, அன்பு, ஆவி, விசுவாசம், கற்பு இவற்றில் விசுவாசிகள் அனைவருக்கும் மாதிரியாக இருக்கச் சொல்கிறது.

பொறுப்பைக் கொடுக்கும் முறை நான்கு படிகள். பெரியவர் செய்ய, வாலிபர் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து செய்கிறார்கள். வாலிபர் செய்ய, பெரியவர் பார்த்துத் திருத்துகிறார். பிறகு அந்த வாலிபர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கிறார். 2 தீமோத்தேயு 2:2-இலும் நான்கு தலைமுறை தெரிகிறது: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள். ஸ்டான்லி மருத்துவமனையிலோ ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலோ அனுமதிக்கப்பட்டிருக்கும் சபையார் ஒருவரைப் பார்க்கப் போகும்போது ஒரு வாலிபரை உடன் அழைத்துப்போங்கள். நோயாளியிடம் எவ்வளவு நேரம் பேசுவது, எந்தச் சங்கீதத்தை வாசிப்பது, எப்போது எழுந்து வருவது என்று எந்த வகுப்பும் அந்த அரைமணி நேரம்போலக் கற்றுத்தராது.

இதில் தவறு இரண்டு பக்கமும் நேரும். சிலர் முப்பது வயதுவரை பொறுப்பே கொடுப்பதில்லை. சிலர் முகாமில் சாட்சி சொன்ன பிள்ளையை அடுத்த மாதமே மேடையேற்றி ஊழியர் ஆக்கிவிடுகிறார்கள். நூதன சீஷன் (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவன்) இறுமாப்படைவான் என்ற எச்சரிக்கையைப் பவுல் கண்காணிகளை, அதாவது சபையை மேற்பார்வை செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது கொடுத்தார். நன்றாகக் கிடார் வாசிக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை ஆராதனை நடத்த வைப்பதற்கும் அது பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால்: ஒரு புத்தகத்தைத் தொடர்ந்து வாசியுங்கள், ஒவ்வொரு வாலிபருக்கும் தன் பெயரையும் நிலைமையையும் அறிந்த ஒரு பெரியவர் இருக்கட்டும், படிப்படியாக நிஜமான வேலையைக் கொடுங்கள்.

பெற்றோரும் காலண்டரும்

ஞாயிறு காலை டியூஷனா ஆராதனையா என்ற போராட்டம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஞாயிறு பள்ளியை நிறுத்தியது பெரும்பாலும் பெற்றோரே. ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது பெற்றோரைத் தனியாகக் கூட்டி, பிள்ளைகள் என்ன வாசிக்கிறார்கள் என்பதைக் காட்டி, வீட்டில் அதே பகுதியைப் பத்து நிமிடம் குடும்ப ஜெபத்தில் பேசச் சொல்லுங்கள். எபேசியர் 6:4 தகப்பன்மாரிடம்தான் பேசுகிறது. இந்த வேலையை அம்மாவிடம் விட்டுவிட முடியாது.

குடும்பத்தில் தனியாக விசுவாசத்துக்கு வந்தவர்களும், திருநெல்வேலியிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் சென்னையில் மிகுதி. இவர்களுக்கு வீட்டில் உபாகமம் 6 நடக்காது. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். தாயும் பாட்டியும் விசுவாசிகள். பவுல் அவனைக் குமாரன் என்று அழைத்தார். ஞாயிறு மதியம் விடுதிப் பிள்ளையை ஒரு வீட்டார் சாப்பிடக் கூப்பிடுவது அந்த வேலைதான்.

பதிமூன்று வயதுச் சிறுவனையும் ஓ.எம்.ஆரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இருபத்தெட்டு வயதுக்காரரையும் 'வாலிபர்' என்று ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். பள்ளி, கல்லூரி, வேலை என்று மூன்றாகவாவது பிரியுங்கள். பொதுத்தேர்வு மாதங்களிலும் செமஸ்டர் தேர்வு வாரங்களிலும் கூடுகையைச் சுருக்குங்கள், ஆனால் தனிச் சந்திப்பை விடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

மேடையில் பேசாதவை

சந்தேகத்தை அடக்கினால் அது போய்விடாது. பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற மதத்து நண்பர்கள், அறிவியல், துன்பம் பற்றிய கேள்விகளுக்கு 'சும்மா விசுவாசி' என்பது பதிலாகாது. ஆபாசப் படம், காதல் பற்றியும் பயமுறுத்தாமல், நேராக, சிறு குழுவில் பேச வேண்டும்.

சாதி விஷயம் எல்லாவற்றிலும் கடினமானது. கலாத்தியர் 3:28-ஐப் பாடலாகப் பாடிவிட்டு, வரன் தேடும்போது சாதி கேட்பதை வாலிபர் கவனிக்கிறார்கள். நாம் சொல்லும் சுவிசேஷத்தை அவர்கள் எடைபோடுவது அங்கேதான். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதிலிருந்து பின்வாங்கியபோது, அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடையல்ல என்று பவுல் எல்லார் முன்னும் கண்டித்ததைக் கலாத்தியர் 2-இல் அவர்களோடு வாசியுங்கள். இந்த விஷயத்தில் மூப்பர்கள் மௌனமாக இருந்தால், மற்ற எல்லாப் போதனையும் பலமிழந்துபோகும்.

முதல் மூன்று மாதம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முகாமை அறிவிக்க வேண்டாம். முதல் மாதம், சபைப் பதிவேட்டை வைத்துப் பதிமூன்று முதல் முப்பது வயதுவரை உள்ள எல்லாரின் பெயரையும் எழுதி, போதகரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரை அறிந்த ஒரு பெரியவரின் பெயரை நிரப்புங்கள். காலியாக நிற்கும் இடங்கள்தான் உங்கள் வேலைப் பட்டியல். பெரியவர்களைப் போதகரும் மூப்பர்களும் தெரிந்தெடுத்து, பாதுகாப்பு விதிகளை வாசித்துக் கையெழுத்து வாங்கட்டும். இரண்டாம் மாதம், ஒரே ஒரு குழுவோடு மாற்குவைத் தொடங்குங்கள். மூன்றாம் மாதம், குழுவிலுள்ள இருவரைக் கேள்விகளைத் தயாரிக்க வைத்து, அடுத்த வாரம் அவர்களையே நடத்த விடுங்கள்.

இதற்குப் பிறகு முகாம் நடத்தினால் அதற்கு அர்த்தம் இருக்கும். அங்கே முடிவெடுத்தவரை ஏழு நாளுக்குள் சந்திக்க ஒரு ஆள் தயாராக இருப்பார், அவர் சேர்ந்து வாசிக்க ஒரு குழு இருக்கும். மாதம் ஒரு முறை பெயர்ப் பட்டியலை மறுபடி எடுத்து, யாரை இரண்டு வாரமாக யாரும் பார்க்கவில்லை என்று கேளுங்கள். வராதவருக்கு அந்த வாரமே ஒரு போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.